அழிக்கச் சொன்ன பாட்டு

அத்தியாயம் 9

மெர்சி மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். தோளில் வயலின் பெட்டி இடித்துக்கொண்டே வந்தது. பாதிப் படியில் செருப்பின் வார் அறுந்தது. அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மேலே வந்தவள், கதவுக்கு மேல் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

சிவப்பு எரிந்தால் உள்ளே ஒலிப்பதிவு நடக்கிறது. அந்த நேரத்தில் கதவைத் தொட்டவர்களை இன்ஜினீயர் சுந்தரராஜுலு மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

கதவில் காதை வைத்தாள். ஐயாசாமியின் உறுமி. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. உறுமி கேட்டால் படத்தில் யானைகள் தோட்டத்துக்குள் இறங்கும் காட்சி. மாமியாரின் பாட்டு வருவது அதற்கும் பிறகு. இன்னும் நேரம் இருக்கிறது.

எதற்கு நேரம் என்றுதான் அவளுக்கே புரியவில்லை.

காலையில் தொண்டாமுத்தூரில் வீட்டை விட்டு இறங்கும்போது மாமியார் கருப்பாத்தாள் அவளுடைய வயலின் பெட்டியின் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. தலை வாரவில்லை. கண்கள் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தன.

"அந்தப் பாட்ட அழிச்சுப்போடச் சொல்லு அம்மணி. உன்ற ஊட்டுக்காரன் கேக்கறதுக்குள்ள அழிச்சுப்போடோணும்."

பதிவு செய்ததே அவர்தானே, கேட்காமலா இருப்பார் என்று மெர்சி சிரித்தாள்.

"முழுசாக் கேக்கல. கேட்டிருந்தா நேத்துப் பொழுதோட எங்கையில சோறு வாங்கித் தின்னிருக்க மாட்டான்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. மெர்சியின் சிரிப்பு பஸ் கிளம்பிய இரண்டாவது நிறுத்தத்திலேயே வற்றிவிட்டது.

அவள் கணவன் பிரான்சிஸுக்கு இது சாதாரண வேலை இல்லை. கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவுக்குக் கீபோர்டு வாசித்து, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, எத்தனையோ வருடம் காத்திருந்தவனுக்கு இப்போதுதான் முதன்முதலாக ஒரு படத்துக்கு இசையமைக்க வாய்ப்பு வந்திருக்கிறது. மலையடிவாரத்துக் காடு தோட்டங்களுக்குள் இறங்கும் யானைகளையும் அங்கே உழைக்கும் மனிதர்களையும் பற்றிய ஆவணப்படம். எடுப்பவன் சுரேந்தர். தொண்டாமுத்தூர்ப் பெரிய தோட்டக்காரர் திருமூர்த்தியின் மகன். பிரான்சிஸின் அப்பா மாசாணம் ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில்தான் கூலிக்கு இருந்தார். இப்போது அந்த வீட்டுப் பிள்ளையும் இந்த வீட்டுப் பிள்ளையும் ஒரே மேசையில் டீ குடிக்கிறார்கள்.

யானை மிதித்து இறந்தவரின் வீட்டைக் காட்டும் காட்சிக்கு ஓர் ஒப்பாரி வேண்டும் என்று சுரேந்தர் கேட்டான். ஊரில் எழவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது கருப்பாத்தாளுக்குத்தான். அம்மாவையே பாட வைக்கலாம் என்றான் பிரான்சிஸ்.

கருப்பாத்தாள் முதலில் மறுத்தாள். சாவு இல்லாத வீட்டில் சும்மா ஒப்பாரி வைத்தால் எழவு வழி கேட்டு வந்துவிடும் என்றாள். மகன் கெஞ்சினான். போன வாரம் ஒருவழியாகச் சம்மதித்தாள். ஆனால் பாடும்போது வீட்டில் ஒரு குஞ்சு குருவி இருக்கக்கூடாது, மகனும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கேசட் ரிக்கார்டரைக் கட்டிலில் வைத்து ஓடவிட்டு, பிரான்சிஸ் ரோட்டுக் கடையில் போய் நின்றான். திரும்பி வந்து முதல் அடிகளைக் கேட்டவன், அம்மா அழுவது தாங்காமல் நிறுத்திவிட்டான். படத்துக்கு அவ்வளவு போதும் என்று அந்தத் துண்டை மட்டும் எடுத்து ஸ்டூடியோ ஸ்பூலில் ஏற்றினான்.

மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

சிவப்பு அணைந்தது.

கதவைத் திறந்தது பிரான்சிஸ்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. உறுமி ஒரே டேக்கில் முடிந்ததாம். மனைவியின் கையிலிருந்த செருப்பைப் பார்த்து, வரவேற்பு பலமா இருக்கே என்றான்.

மெர்சி அவனை வராந்தா ஓரத்துக்கு இழுத்தாள். அத்தை சொன்னதைச் சொன்னாள். முழுசாக அல்ல. பாட்டைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள், காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது வரை மட்டும்.

அவன் சிரிப்பு போயிற்று. அந்தப் பாட்டு போனால் படத்தின் உயிர் போய்விடும். இன்று சாயங்காலத்துக்குள் இசையை முடித்து ராத்திரி ரயிலில் டேப்பைச் சென்னைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். வேறு ஆளைப் பிடித்துப் பாட வைக்க நேரம் இல்லை.

"சகுனம் பாக்கறாங்க மெர்சி. நான் ஊட்டுக்கு வந்து சமாதானம் பண்றேன். நீ தந்திய முறுக்கு."

"ஏனுங்க, ஒரு நாளு தள்ளிப் போட முடியாதுங்களா?"

"எங்கப்பன் ஊட்ட உட்டுப் போனப்பக்கூட இந்த அம்மா அழுவலே. ஒரு சொட்டு அழுவலே. இப்பத்தான் அழுதிருக்கா. அத அழிக்கச் சொல்றயா?"

மாமனார் மாசாணம் மைசூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. பதினாறு வருடமாகிறது. கருப்பாத்தாள் இன்னமும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்கிறாள். வருவார், வராமல் எங்கே போவார் என்பாள். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அப்போது சுரேந்தர் வந்தான். இடுப்பில் பேஜர், கையில் சிகரெட். அவனுக்கு இன்னொரு யோசனை வந்திருந்தது. படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஒப்பாரியின் மிச்சப் பகுதியைப் போடலாம். கீழே ஆங்கிலத்தில் அர்த்தமும் வர வேண்டும்.

"மெர்சியோட வயலின் முடிஞ்சதும் நீங்க அந்த கேசட்ட முழுசாக் கேட்டு வார்த்தைய எழுதிக் குடுத்துருங்க பிரான்சிஸ். ரயிலுக்கு முன்னாடி நான் இங்கிலீஷ் பண்ணிக்கறேன்."

பிரான்சிஸ் தலையாட்டினான்.

மெர்சி கையிலிருந்த செருப்பைச் சுவரோரம் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஒப்பாரிக்கு வயலின் வாசிப்பது கச்சேரிக்கு வாசிப்பதைப் போல இல்லை. அழுகிறவர்கள் சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டு அழுவதில்லை. கருப்பாத்தாள் ஐந்து கட்டை சுருதியில் ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு அடியிலும் மயிரிழை மயிரிழையாகக் குரல் ஏறிக்கொண்டே போனது. வயலின்காரி அந்த ஏற்றத்தோடு விரலையும் நகர்த்த வேண்டும். முந்தினால் பாட்டு பொய்யாகிவிடும். பிந்தினால் வயலின் பொய்யாகிவிடும். அதனால் பதிவுக்கு முன் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக வேண்டும்.

பிரான்சிஸும் சுரேந்தரும் அடுத்த அறையில் படத்தைப் போட்டுப் பார்க்கப் போனார்கள். ஸ்பூலில் இருப்பது சின்னத் துண்டுதான், பழகுவதற்கு கேசட்டையே போடுகிறேன் என்றார் சுந்தரராஜுலு. ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டு, பொத்தானைக் காட்டிக்கொடுத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார்.

அவள் தனியாக இருந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

கட்டில் கிறீச்சிடும் சத்தம். எங்கோ ஒரு கோழி. பிறகு அத்தையின் குரல், காதுக்குள்ளேயே.

*மேக்கால மலையோரம் மேகம் கறுத்திருக்க*
*போன எடம் தெரியாம பொழுதெறங்க நிக்கறனே*
*என்ற ராசாவே...*

இதுதான் படத்தில் வரும் துண்டு. மெர்சி விரல்களால் தந்தியைத் தடவிக்கொண்டே கேட்டாள். துண்டு முடிந்தது. நிறுத்தவில்லை. விரல் பொத்தானுக்குப் போகவே இல்லை.

நீண்ட மூச்சு ஒன்று. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு குரல் மாறியது. இதுவரை பாடியது ஊருக்குப் பாடிய குரல். இது வேறு.

*சங்கு ஊதலையே சனங்கூடி அழுவலையே*
*தென்னங் குழிக்குள்ள திருட்டாக வெச்சேனே*
*மண்ணள்ளிப் போட்ட கையி காயறதுக்கு முன்னால*
*பொட்டு வெச்ச நெத்தியோட பொழுதோட நின்னேனே*

மெர்சியின் வில் தரையில் விழுந்தது.

அவள் சிறுவயதிலிருந்து சாவு வீட்டுப் பாட்டுகளைத் தெருவில் கேட்டு வளர்ந்தவள்தான். மகனுக்கு அழுகிற விதம் வேறு, அண்ணனுக்கு அழுகிற விதம் வேறு. இது கட்டிய புருஷனுக்கு அழுகிற அழுகை. சாவு இல்லாமல் ஒப்பாரி வைக்க மாட்டேன் என்று சொன்ன அத்தை, தன் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். பொய்யாகப் பாடப் பயந்து, உள்ளதைப் பாடிவிட்டாள்.

மாமனார் மைசூருக்குப் போகவில்லை. மண்ணுக்குள் போயிருக்கிறார்.

"ஆண்டவரே" என்றது அவள் உதடு. கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

*கம்பியில குத்தமில்ல, கரண்டுல குத்தமில்ல*
*கையக் குத்தஞ் சொல்லோணுன்னா, அந்தக் கையி...*

பக்கத்து அறைக் கதவு திறந்தது. பிரான்சிஸின் குரல் வராந்தாவில் நெருங்கி வந்தது. மெர்சி பொத்தானை அழுத்தினாள். கேசட் துள்ளி வெளியே வந்தது. தான் என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அது வயலின் பெட்டிக்குள், பட்டுத் துணிக்கு அடியில் போய்விட்டது.

"ரெடியா அம்மணி? போட்டுரலாமா?" பிரான்சிஸ் கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

அவள் வயலினை எடுத்துச் சுருதி சேர்ப்பவளைப் போல மெல்லிய தந்தியின் முறுக்காணியைத் திருகினாள். இன்னும் திருகினாள். தந்தி வீறிட்டது. அவள் நிறுத்தவில்லை.

தந்தி அறுந்து அவள் புறங்கையில் கோடு இழுத்தது.

பிரான்சிஸ் தலையில் கை வைத்தான். மாற்றுத் தந்தி எங்கே என்றான். வீட்டில் இருக்கிறது என்று சொன்னாள். பொய். மாற்றுத் தந்தி பெட்டியின் மூலையில், கேசட்டுக்கு அரை அடி தள்ளி இருந்தது. தானே கடைக்குப் போய் வாங்கி வருவதாக அவன் சட்டையை இழுத்துவிட்டான். அவன் வாங்கினால் போன தடவை மாதிரி தடித்த தந்தியைத் தூக்கிக்கொண்டு வருவான் என்றாள். ரத்தம் வருகிற கையைப் பிடித்துப் பார்த்த அவனுக்குச் சண்டை போட மனசு வரவில்லை.

"சீக்கிரம் வந்துரு. அதுக்குள்ள நான் அம்மாவோட பாட்ட எழுதிப்போடறேன்."

பெட்டியோடு படியிறங்கியவள் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டோக்காரன் தொண்டாமுத்தூர் என்றதும் தயங்கினான். கேட்டதைத் தருகிறேன், கிளம்புங்க என்றாள்.

வழி முழுக்க அவள் தன் கணவனைப் பற்றியே நினைத்தாள். இந்நேரம் கேசட்டைத் தேடியிருப்பான். சுந்தரராஜுலுவைக் கேட்டிருப்பான். அடுத்து யாரைக் கேட்பான் என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் ஒரு பொய் சொன்னதில்லை. இன்று ஒரே மணி நேரத்தில் எத்தனை?

கருப்பாத்தாள் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மெர்சி கேசட்டை அவள் மடியில் வைத்தாள்.

"மாமா எப்பிடிங்க செத்தாரு?"

கருப்பாத்தாள் அழவில்லை. கேசட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். இத்தனூண்டு பெட்டிக்குள் அவ்வளவும் எப்படி அடங்கிற்று என்று பார்ப்பதைப் போலிருந்தது.

பிறகு சொன்னாள். அந்த வருடம் யானைகள் சோளக்காட்டை விட்டு நகரவே இல்லை. பண்ணாடி, அதாவது தோட்டக்காரர் திருமூர்த்தி, காட்டைச் சுற்றிக் கம்பி இழுத்து, மோட்டார் ரூமிலிருந்து திருட்டுத்தனமாகக் கரண்டு கொடுத்திருந்தார். பகலில் அணைத்திருக்கும். பொழுது விழுந்ததும் சுவிட்சைப் போட வேண்டும். அன்றைக்கு ஒரு கிடாரிக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. இருட்டுவதற்குள் ஓட்டி வந்துவிடலாம் என்று மாசாணம் கம்பியைத் தாண்டிப் போனார். வெகுநேரம் கழித்துக் கருப்பாத்தாள் லாந்தரோடு தேடிப் போனபோது கன்று சோளம் தின்றுகொண்டு நின்றது. அவர் கம்பியோரம் கிடந்தார்.

யானைக்கு விரித்த வலையில் ஓர் ஆள். தென்னந்தோப்பில் குழி வெட்டிப் புதைத்தது பண்ணாடியும் கருப்பாத்தாளும். மைசூர்க் கதையைக் கட்டியதும் அவர்கள் இருவரும்தான்.

மெர்சிக்கு ஆத்திரம் பொங்கியது.

"இது கொலைங்க அத்தை. கம்பி இழுத்தவரு மீசைய முறுக்கீட்டுத் திரியறாரு. அவரு மகன் யானைக்கு எரக்கப்பட்டுப் படம் எடுக்கறாரு. அதுக்கு நீங்க பாட்டு, உங்க மகன் மியூசிக்கு. நல்லா இருக்குதுங்க இந்தக் கூத்து."

கருப்பாத்தாள் கேசட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மெர்சி கேசட்டைப் பிடுங்கினாள். அழிப்பதற்கு இல்லை. இதை நேராக பிரான்சிஸிடம் கொடுக்கப் போகிறாள். பெற்ற அப்பன் எங்கே என்று தெரியாமல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாசலைப் பார்க்கிற மனிதன் அவன். இனிமேலும் பார்க்க வேண்டாம். பாட்டு அப்படியே படத்தில் வரட்டும். அடுத்த வரி, அதற்கடுத்த வரி எல்லாம் வரட்டும். அப்பன் செய்ததைச் சுரேந்தர் தன் கையாலேயே இங்கிலீஷில் எழுதட்டும்.

அவள் எழுந்ததும் கருப்பாத்தாளும் எழுந்தாள். நிலைப்படியில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"பண்ணாடிக்குப் பயந்துட்டு நான் மூடி வெக்கல அம்மணி. மூடி வெக்கச் சொல்லி அவரு கால்ல உழுந்ததே நாந்தான்."

மெர்சிக்குப் புரியவில்லை. செத்தவன் பெண்டாட்டி எதற்காகத் தோட்டக்காரர் காலில் விழ வேண்டும்?

சந்தில் ஜீப் சத்தம் கேட்டது. சுரேந்தரின் ஜீப். அந்த உறுமல் இந்தத் தெருவுக்கே பழக்கம். எஞ்சின் அணைந்தது. கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"மெர்சி, கேசட்டு எங்க?" தெருவிலிருந்தே கேட்டான் பிரான்சிஸ். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

கருப்பாத்தாள் மருமகளின் இரண்டு கன்னங்களையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பண்ணாடி அன்னிக்கி ஊர்லயே இல்ல கண்ணு. மேட்டுப்பாளையத்துல ஒரு கண்ணாலத்துக்குப் போனவரு நடுச்சாமத்துலதான் திரும்பி வந்தாரு. மோட்டாரு ரூமுச் சாவிய நம்மூட்டுல குடுத்துட்டுத்தான் போனாரு."

"அப்ப சுவிச்சப் போட்டது ஆருங்க?"

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

கருப்பாத்தாள் மெர்சியின் காதோடு வாயை வைத்தாள்.

"உங்க மாமா காட்டுக்குள்ள இருக்கறது எனக்குத் தெரியாது அம்மணி. பொழுது உழுந்துருச்சு, ஓடிப்போயிக் கரண்டப் போட்டுட்டு வா சாமின்னு நாந்தான் அனுப்பிச்சேன். பத்து வயசு. போட்டுட்டு ஓடியாந்து, அப்பன் எங்கம்மா, இன்னும் வரலியான்னு கேட்டான்."